மூன்று விரல் இடைவெளி

இந்தக் கதையின் குருவுக்குத் தாடி கிடையாது. வயது இருபத்தாறு. அரசு மருத்துவமனையின் கடைசி அறையில் பிசியோதெரபி பார்க்கும் பர்வீன்தான் அந்தக் குரு. சிஷ்யை சந்தனமாரிக்கு முப்பத்தொன்று. சுற்றுவட்டாரத்தில் பெண்கள் கபடி என்றால் ரெய்டுக்கு அவள்தான். பதினான்கு வருடமாக எதிரணிக் களத்துக்குள் பாடிப் போய், தொட்டுவிட்டுத் திரும்பி வந்தவள்.

அப்படிப்பட்டவள் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வயிறு மட்டும் வற்றவில்லை. போன வாரம் பஸ்ஸில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்து, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டாள். சந்தனமாரி "ஏழு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

"தலையை மட்டும் தூக்குங்கக்கா" என்றாள் பர்வீன்.

தூக்கினாள். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மேடு புடைத்துக்கொண்டு வந்தது. பர்வீன் அதன்மேல் விரல்களை வைத்தாள். மூன்று விரலும் பிசைந்த மாவில் இறங்குவதுபோல் இறங்கின.

"மூணு விரல் இடைவெளி இருக்கு."

"கிழிஞ்சிட்டா மேடம்?"

"கிழியலை. ரெண்டு பக்கத் தசையும் ஒதுங்கிப் புள்ளைக்கு வழி விட்டிருக்கு. நடுவுல இருக்கிற ஜவ்வு தொய்ஞ்சு போச்சு."

"தைப்பொங்கலுக்கு ஆட்டம் இருக்கு. நான் வரலைன்னா வேற ஆள் எடுத்திருவாங்க. அப்புறம் எனக்கு இடம் கிடையாது. ஆடலாம்லா?"

"முதல்ல மூச்சு விடலாம்."

சொல்லித் தந்தது இவ்வளவுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்க வேண்டும். மூச்சை இழுத்து, மெல்ல வெளியே விடும்போது தொப்புளை முதுகுப் பக்கமாக உள்ளே இழுக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. எழுந்திருக்கும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வேண்டும்.

"இதுதானா?"

"இதுதான்."

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றுக்கு என்றால் படுத்துப் படுத்து எழ வேண்டும், அதுவும் நூறுக்குக் குறையக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். இந்தப் பெண் கபடியை டிவியில்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் பத்து மூச்சையும் ஒழுங்காக விட்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எண்பது முறை படுத்து எழுந்தாள். கணவன் அவள் பாதங்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினான். பழைய பலம் அப்படியே இருக்கிறது என்று மெச்சவும் செய்தான், பாவம்.

ஒரு மாதம் கழித்துப் பர்வீன் அளந்து பார்த்தாள். நான்கு விரல்.

"தினமும் எத்தனை செய்றீங்க?"

"பத்து. சாயங்காலம் பத்து."

"அது சரி. மத்தது?"

சந்தனமாரி சுவரைப் பார்த்தாள். "எண்பது."

பர்வீன் திட்டவில்லை. "அந்த எண்பதுதான் ஜவ்வை இன்னும் விரிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லி, நோட்டில் நான்கு என்று எழுதினாள். அதுதான் சந்தனமாரிக்குப் பொறுக்கவில்லை.

"திட்டிருங்க மேடம். ஆனா ஒண்ணு கேக்கேன். நீங்க சொல்லுததுல ஒரு சொட்டு வேர்வைகூட வரமாட்டேங்கு. வேர்க்காம எங்கேருந்து பலம் வரும்?"

பர்வீன் நோட்டை மூடினாள். "வெளிய வாங்க" என்றாள்.

ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடத்தில் மண் இருந்தது. செருப்பின் நுனியால் அதில் ஒரு கோடு கிழித்தாள்.

"அந்தப் பக்கம் எதிரணி. பாடிப் போங்க."

"இங்கயா? ஊசி போட வந்தவங்கல்லாம் பாக்குதாங்க."

"பார்க்கட்டும். ஓட வேண்டாம், நடந்தா போதும். சத்தமும் வேண்டாம். ஒரு கை வயித்து மேல இருக்கட்டும்."

வெட்கம் கோடு வரைக்கும்தான் இருந்தது. கால் தாண்டியதும் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. கபடி கபடி கபடி கபடி. நடுவில் மூச்சு இழுக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். ஆம்புலன்ஸ் வரை நடந்தாள், திரும்பினாள். மூச்சு குறையக் குறைய, உள்ளங்கைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. வயிறு தன்பாட்டில் உள்ளே போனது. இரண்டு பக்கமும் இறுகி நடுவை நோக்கி வந்தன. மேடு எழும்பவில்லை. கோட்டைத் தாண்டி வந்து நின்றபோது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கைதட்டினார்.

"வயித்தை நீங்க இழுத்தீங்களா?" என்று கேட்டாள் பர்வீன்.

"இல்லையே. நான் பாட மட்டுந்தான் செய்தேன்."

"பதினாலு வருசமா வாய்தான் பாடுதுன்னு நினைச்சீங்களா?"

சந்தனமாரி வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

அன்றோடு கணவனுக்குப் பாதம் பிடிக்கும் வேலை போயிற்று. அவள் பாயில் படுத்து, முழங்காலை மடக்கி, மெல்லப் பாடினாள். மூத்தவளும் பக்கத்தில் படுத்துக் கபடி பாடினாள். சின்னவன் இருவருக்கும் நடுவில் தவழ்ந்து போய் யாரையாவது தொட்டுவிட்டுச் சிரித்தான். சில வாரம் கழித்துச் சந்தனமாரி பாடிக்கொண்டே குதிகாலைத் தரையில் வழுக்கி நீட்டினாள். பிறகு ஒரு காலைத் தூக்கினாள். ஐப்பசியில் குழந்தையை இடுப்பில் வைத்து நின்றபடி செய்தாள். பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தரவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மார்கழி பிறந்தது. வருவாளா மாட்டாளா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லி அணியிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போனது.

பர்வீன் அளந்தாள். "ரெண்டு விரல்."

"போன மாசமும் ரெண்டு. அதுக்கு முந்தின மாசமும் ரெண்டு. இது எப்பத்தான் முழுசா மூடும் மேடம்?"

"மூடாமலே போகலாம்."

"அப்ப என் ஆட்டம் முடிஞ்சுதா?"

பர்வீன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாடிப் போறப்ப, அந்தப் பக்கம் ஏழு பேரும் ஒட்டிக்கிட்டா நிப்பாங்க?"

"ஒட்டி நின்னா எப்படிப் பிடிக்க? தள்ளித் தள்ளித்தான் நிப்பாங்க. பக்கத்துல உள்ளவ கையை மட்டும் கோத்துக்கிடுவாங்க."

"அந்த இடைவெளியில பூந்து வந்திருக்கீங்களா?"

"கை தளர்ந்திருந்தா வந்திருவேன். இறுக்கிப் பிடிச்சிருந்தா முடியாது. அப்படிப் பூந்துதான் ஒருதடவை முட்டி போச்சு."

"தலையைத் தூக்குங்க."

தூக்கினாள். பர்வீன் சந்தனமாரியின் விரல்களையே எடுத்து, அவள் வயிற்றின் நடுவே வைத்து அமுக்கினாள். விரல்கள் இறங்கவில்லை. சந்தனமாரி தானே இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தாள். அது திருப்பித் தள்ளியது.

"கை கோத்தாச்சுக்கா" என்றாள் பர்வீன். "ஆட்டம் எந்த ஊர்ல?"