சோளக்கொல்லையும் தரிசும்

தணிகாசலம் நாற்பத்தாறு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். அதற்கு முன் இருபது வருடம் மனைத் தரகர். அவருக்குச் சொல்லிக்கொடுத்த கேப்டன் ரெஜினாவுக்கு இருபத்தெட்டு வயது. அவர் ரெஜினாவை மேடம் என்பார், ரெஜினா அவரை சார் என்பார். அந்தப் பயிற்சிப் பள்ளியில் இதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. மேலே போனால் யார் பெரியவர் என்பதில் தணிகாசலத்துக்கே சந்தேகம் கிடையாது.

மற்றதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. ஒன்று மட்டும் வரவே இல்லை.

பறந்துகொண்டிருக்கும்போது ரெஜினா சொல்லாமல் கொள்ளாமல், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பின்னால் இழுத்துவிடுவார். இன்ஜின் சத்தம் அடங்கிவிடும். "இன்ஜின் போச்சு சார்" என்பார். அதிலிருந்து விமானம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மூன்று நிமிடத்துக்குள் கீழே ஓர் இடம் பார்த்து அதில் இறங்குகிற மாதிரி கொண்டுவர வேண்டும். ஐந்நூறு அடி வந்ததும் ரெஜினா த்ராட்டிலைத் தள்ளுவார், மறுபடி ஏறிவிடுவார்கள்.

தரகரின் கண் பொல்லாத கண். ஒரு வயலைப் பிடிப்பார். பாதி இறங்கியதும் அதைவிட நல்ல வயல் ஒன்று தெரியும். உடனே திருப்புவார். மூன்று முறை இப்படியே ஆயிற்று. மூன்றாவது முறை ஐந்நூறு அடியில் முதலில் பார்த்த வயலும் இல்லை, பிறகு பார்த்த வயலும் இல்லை.

"இப்ப எங்க இறங்கப் போறோம் சார்?" என்று கேட்டார் ரெஜினா.

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். பனந்தோப்பு.

தரைக்கு வந்த பிறகு அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்ல இடம் கண்ணுல பட்டதுக்கு அப்புறமும் சுமாரான இடத்துலதான் போய் இறங்கணுமா மேடம்? இது என்ன நியாயம்?"

ரெஜினா பேனாவை எடுத்தார். தணிகாசலத்தின் பயிற்சிப் புத்தகத்தில், தனியாக அனுப்ப முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரு முறை பார்க்கலாம், அதற்குமேல் வேண்டாம் என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது தனியாகப் பறந்துவிட வேண்டும் என்றுதான் தணிகாசலம் தொழிலைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, மூவாயிரம் அடியில், இன்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தணிகாசலம் த்ராட்டிலைப் பார்த்தார். அது அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. ரெஜினாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. விமானத்தின் மூக்கில் விசிறி அசையாமல் நின்றது.

"இது நான் செய்யல சார்" என்றார் ரெஜினா. குரல் மாறவில்லை. "நீங்க இடத்தைப் பாருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

தணிகாசலம் தன் முன்னால் இருந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். ரெஜினாவின் முன்னாலும் ஒரு ஸ்டியரிங் இருந்தது, எப்போது வேண்டுமானாலும் அவர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். வாங்கவில்லை. எரிபொருள் டேங்கை மாற்றினார், சாவியைத் திருப்பிப் பார்த்தார், எதற்கும் இன்ஜின் பிடிக்கவில்லை. இருக்கும் இடத்தை ரேடியோவில் சொன்னார். அதற்குப் பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான்.

இடது பக்கம் ஒரு சோளக்கொல்லை தெரிந்தது. அறுத்து முடித்து, அடித்தட்டைகள் குத்திக்கொண்டு நின்றன. குறுக்கே ஒரு வரப்பு. தரகராக இருந்தால் அதை ஒருவருக்கும் காட்டியிருக்க மாட்டார்.

"அதுதான்" என்றார்.

"சரி."

ஆயிரத்து இருநூறு அடியில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அந்தத் தரிசு கண்ணில் பட்டது. செம்மண். ஒரே சமதளம், நீளவாக்கில் கிடந்தது, ஒரு மரம் இல்லை. இருபது வருடத்தில் அப்படி ஓர் இடம் அவர் கைக்கு வந்ததில்லை. அவர் கை தானாக வலது பக்கம் சாய்ந்தது. விமானமும் சாய்ந்தது.

"மேடம், அங்க..."

ரெஜினா திரும்பக்கூட இல்லை. தரையில் மோதும் வேகத்தில் கதவு இறுகிக்கொள்ளாமல் இருக்க, தன் பக்கத்துத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆயிரம் அடி. தணிகாசலத்தின் மனசு தரிசிலேயே கிடந்தது. கையை மட்டும் இழுத்துக்கொண்டார். சோளக்கொல்லைக்குத் திரும்பியவர் அதற்கப்புறம் வலது பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் போய்விடுவோம் என்று பயமாக இருந்தது.

சக்கரம் சோளத்தட்டையில் பட்டது. குலுங்கிக் குலுங்கி ஓடி, வரப்பில் மோதி, முன்சக்கரம் முறிந்து, மூக்கு மண்ணில் குத்தி நின்றது. இருவரும் குதித்து ஓடினார்கள். தீப்பிடிக்கவில்லை. தணிகாசலத்துக்கு நெற்றியில் ரத்தம், ரெஜினாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. தணிகாசலம் உட்கார்ந்து சத்தமாக அழுதார்.

பள்ளியிலிருந்து வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்று போனில் சொன்னார்கள். மூக்கு குத்திக் கிடக்கும் விமானத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு ஆறவில்லை. எழுந்து நடந்தார். வாய்க்காலில் இறங்கி ஏறி, நடுவில் இருந்த கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு போனார். போய்ச்சேரவே கால் மணி நேரம் ஆயிற்று. தரிசை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல் குதிகாலால் மண்ணை உதைத்துப் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பினார்.

"ஒரு கல்லு கிடையாது மேடம், வரப்பு கிடையாது" என்றார். மூச்சு வாங்கியது. "நான் பாத்தது சரிதான். அதுல இறக்கியிருந்தா விமானத்துக்கு ஒரு கீறல் விழுந்திருக்காது."

ரெஜினா வரப்பில் உட்கார்ந்து மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். பிறகு தணிகாசலத்தின் கால்களைப் பார்த்தார். கணுக்கால் வரை செம்மண் அப்பியிருந்தது.

"நல்ல இடம்தான் சார்" என்றார். "நடந்து போய்ப் பாத்துட்டு, நடந்து வந்து சொல்றீங்களே."