கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சேர்த்தவை

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர்கள் போனை வாசலில் இருக்கும் ஓலைக்கூடையில் போட்டுவிட வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது.

நாகர்கோவிலில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் பூதலிங்கம் ஞாயிறுதோறும் அங்கே வருவார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. குரு மங்களத்தம்மைக்கு முப்பத்தெட்டு. குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார்.

நான்கு மாதமாக அவர் கூடத்துக்குள் போவதில்லை. கூடையை ஒட்டியே உட்கார்ந்துகொள்கிறார். அதற்குள் எந்தப் போன் சத்தம் போட்டாலும் எட்டிப் பார்க்கிறார்.

அன்று காலை குருவே வாசலுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவத் தொடங்கினார்.

"என்ன அண்ணாச்சி, கூடைக்குக் காவலா?"

"ஒரு சந்தேகம். மடத்துல கேக்கலாமான்னு தெரியல."

"கேளுங்க. பிடிக்கலன்னா கீரை உருவச் சொல்லிருவேன்."

"இணையத்துல வர்ற கட்டுரையெல்லாம் பிறகு படிக்கலாம்னு சேத்து வைக்க ஒரு ஆப் வச்சிருந்தேன். இந்த மாசக் கடைசியோட மூடுறானாம். உள்ளதை எடுத்துட்டுப் போன்னு எழுதிட்டான். வேற எதுக்கு மாத்துறதுன்னு தெரியல."

"எத்தனை பாத்தீங்க?"

"மூணு. ஒண்ணு இனாம். ஆனா முகவரியை மட்டுந்தான் வச்சுக்கும். அங்க அந்தப் பக்கத்தை எடுத்துட்டா இங்கயும் போச்சு. இன்னொண்ணு பக்கத்தையே முழுசா எடுத்து வைக்கும், வருஷச் சந்தா. மூணாவது வாசிச்சே காட்டும், சந்தா இன்னும் ஜாஸ்தி. ரெண்டு வருஷத்துக்குச் சேத்துக் கட்டுறேன், எவ்வளவு குறைப்பன்னு எழுதிக் கேட்டேன். பதிலே போடல."

"நம்ம கடைத்தெருல இருந்தா போட்டிருப்பான்."

"கடைத்தெருல இருந்தா எழுதவா செஞ்சிருப்பேன்? நேர்ல போயிருப்பேன்."

குரு சிரித்தார். "படிச்சதுல எது பிடிச்சுது?"

"படிக்கல."

"ஒண்ணுகூடவா?"

பூதலிங்கம் மலையைப் பார்த்தார். "எல்லாம் என் மக அனுப்பினது."

பகவதி அவருடைய ஒரே மகள். பனி பெய்கிற தேசத்தில் வேலை. அங்கேயே தன் விருப்பத்துக்கு ஒருவரைக் கட்டிக்கொண்டாள். 'இனி உன் வார்த்தை ஒண்ணும் எனக்கு வரக்கூடாது' என்று இவர் போனை வைத்தார். அடுத்த ஞாயிறு காலையில் ஒரு கட்டுரையின் இணைப்பு வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. நான்கு வருஷம் இப்படியே வந்தது.

"நீங்க சொன்னதைக் காப்பாத்தியிருக்கா" என்றார் குரு.

"என் ரத்தம்லா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கண்ணாடியைக் கழட்டி வச்சிருவேன். வந்ததை அமுக்கிப் பிடிச்சு ஆப்ல தள்ளிருவேன். எத்தனை சேந்திருக்குன்னு எண் மட்டும் பெருசாத் தெரியும், அதைத்தான் பாப்பேன். தலைப்பைப் பாத்தாகூட மனசு இளகிரும் பாத்துக்கோங்க. கோவம் தீந்த பிறகு மொத்தமா உக்காந்து படிக்கலாம்னு இருந்தேன்."

"தீந்துச்சா?"

"அது போயி ரெண்டு வருஷமாச்சு. அது இருந்த இடத்துல வெக்கம் வந்து உக்காந்திட்டு."

"சரி."

"இப்போ நாலு மாசமா ஒண்ணும் வரல. இருக்கிறதாவது அழியாம இருக்கணும் அம்மா. இருநூத்திப் பதினாலு. எந்த ஆப்னு மட்டும் சொல்லுங்க."

குரு கூடைக்குள் கைவிட்டு அவருடைய போனை எடுத்துக் கொடுத்தார். அந்த மடத்தில் அப்படி நடந்ததில்லை.

"கண்ணாடியைப் போடுங்க. தலைப்பு மட்டும் வாசிங்க. பழசுலேருந்து."

பூதலிங்கம் தயங்கித்தான் போட்டுக்கொண்டார்.

"மூட்டு வலிக்கு ஆறு பயிற்சிகள்."

"ம்."

"சாப்பாட்டில் உப்பைக் குறைப்பது எப்படி. கோபம் இதயத்தை என்ன செய்கிறது." நிமிர்ந்தார். "அவ கொழுப்பைப் பாத்தீங்களா?"

"மேல வாசிங்க."

"பனி ஊரில் கறிவேப்பிலை வளர்க்கலாம். குளிர்காலத் தனிமையைச் சமாளிக்க." குரல் இறங்கியது. விரல் தள்ளிக்கொண்டே போனது. வாய்விட்டுப் படிப்பது நின்று, உதடு மட்டும் அசைந்தது. பிறகு திடீரென்று சத்தமாக வாசித்தார்.

"கர்ப்ப காலத்தில் புளிப்பு மேல் ஆசை ஏன்?"

கீரை உருவிய கை நின்றது.

"பிறந்த குழந்தை எவ்வளவு நேரம் தூங்கும்? தாத்தா பாட்டி குரலைக் குழந்தை எப்போது அடையாளம் காணும்?"

அந்தத் தலைப்பை இன்னொரு முறை வாசித்தார். இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வந்தது அது.

"கைக்குழந்தையோடு நீண்ட விமானப் பயணம், கிளம்பும் முன்..."

முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றப் போய், கழற்றாமல் கையை இறக்கினார்.

"ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாதே அம்மா."

குரு கீரையைக் கீழே வைத்தார்.

"இதெல்லாத்தையும் நான் எங்க வைக்கட்டும்?" பேரம் பேசுகிற குரல் அவரிடம் இல்லை.

குரு போனை வாங்கி, மகளிடமிருந்து செய்திகள் வரும் இடத்தைத் திறந்து காட்டினார். இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை அவள் அனுப்பியவை. வலப்பக்கம் வெறும் வெள்ளை.

"இந்தப் பக்கம் காலியாக் கெடக்கே, அண்ணாச்சி."

பூதலிங்கம் விரலை எழுத்துகளின் மேல் கொண்டுபோனார். ஒரு எழுத்தை அடித்து, அதை அழித்தார்.

"நான் எழுதி, அவ திறந்துகூடப் பாக்கலன்னா?"

குரு அடுத்த ஈர்க்கை எடுத்துக் கீரையை உருவினார்.

"அவ இருநூத்திப் பதினாலு தடவை அப்படித்தானே அனுப்பியிருக்கா."