ரூபி சிரித்த இடம்

"இதுவும் அது இல்ல டீச்சர்," என்றார் ஜெபமணி.

எஸ்தலின் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவள். அவரைவிட முப்பது வயது சின்னவள். காகிதச் சுருள்களைச் செப்பனிட அவளிடம்தான் அவர் கற்றுக்கொண்டார்.

அவர் வீட்டுப் பியானோ தானாக வாசிக்கும். காலால் மிதித்தால் சுருள் ஓடும். சுருளில் உள்ள ஒவ்வொரு துளைக்கும் ஒரு கட்டை இறங்கும்.

"இதோட எத்தனை சார்?"

"ஏழு. எல்லாம் அதே வால்ட்ஸ் மெட்டு. கல்கத்தா, கொழும்பு, போன வாரம் லண்டன்ல இருந்து வந்தது. இசைத்தட்டு வேற மூணு."

"எதைத் தேடுறீங்க?"

ஜெபமணி உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார், மறுபடி திறந்தார்.

"என் வீட்டுக்காரி ரூபி இதுல ஒரு இடத்துல சிரிப்பா. எப்பப் போட்டாலும் சிரிப்பா. நான் மிதிச்சுக்கிட்டு இருப்பேன், எந்த இடம்னு கவனிச்சதில்ல. அவ போய் மூணு வருஷம் ஆச்சு. இப்பக் கேட்டுக்கிட்டே இருக்கேன். அந்த இடம் வர மாட்டேங்குது."

"அவங்க கேட்ட சுருள்?"

"முதல்ல வாங்கினது. அதுலயும் இல்ல."

"எடுங்க."

எஸ்தலின் அதை மேசைமேல் விரித்துக்கொண்டே போனாள். பாதியில் விரல் நின்றது.

"இந்த ஒட்டு?"

"நான் போட்டதுதான்." குரலில் கொஞ்சம் பெருமை. "கிழிஞ்சிருந்தது. அங்க வந்தா ஒரு கட்டை தப்பா அலறும். பல் கூசும் எனக்கு. நீங்க சொல்லிக்கொடுத்த முதல் பாடம்."

"ரூபியம்மா கேட்டாங்களா, ஒட்டின பிறகு?"

"ஆஸ்பத்திரியில இருந்தா. வந்ததும் போட்டுக் காட்டலாம்னு..."

எஸ்தலின் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒட்டின்மேல் வைத்தாள்.

"டீச்சர்! திரும்பக் கிழிஞ்சிடும்!"

"ஆமா."

ஒட்டு உரிந்து வந்தது. ஈரம் காயும்வரை அவர் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். அவள் சுருளைப் பியானோவில் மாட்டினாள்.

"மிதிங்க சார்."

மிதித்தார். வால்ட்ஸ் ஒழுங்காக நடந்து வந்தது. பாதியில், பெரிய வாத்து ஒன்று உள்ளே புகுந்ததுபோல ஒரு கட்டை அலறியது.

ஜெபமணியின் முகம் கோணியது. ஒரு கண் மூடிக்கொண்டது. தோள் காதுவரை ஏறியது.

எஸ்தலினால் அடக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

அவர் கால் நின்றது.