பாட்டுக்கு அடியில் கேட்ட சத்தம்

மலைமேல் இருந்த அந்த மடத்தின் சுவரில் ஒரே ஒரு விதிதான் எழுதியிருந்தது: பயன் தீராத எதையும் எறியாதே. மடத்துத் தலைவி சிவகாமி அம்மை தன் கையால் எழுதியது. மற்ற சீடர்கள் அதைப் பாதி நாள் நினைவில் வைத்தார்கள், பாதி நாள் மறந்தார்கள். ஏகாம்பரம் ஒருவர்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்து, மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்தவர் அவர். வயதில் அம்மைக்கும் மூத்தவர். கரைந்து சில்லாகிப்போன சோப்புகளைச் சேர்த்து உருட்டி இன்னொரு சோப்பு பண்ணிவிடுவார். அவர் வேட்டி கிழிந்தால் துண்டாகும், துண்டு கரித்துணியாகும், கரித்துணி விளக்குத்திரியாகும். மற்றவர்கள் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மடத்து வேனை ஓட்டுவது அவர் பொறுப்பு. சிறுநீரகம் கெட்டுப்போன மலைக்காரர்களை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப் போவார். போகாவிட்டால் அவர்கள் பிழைக்க மாட்டார்கள்.

மழைக்காலம் தொடங்குமுன்பே மெக்கானிக் லூர்துசாமி எச்சரித்திருந்தார்.

“பிரேக் பேடு தேஞ்சு போச்சுங்க. மாத்திடலாம்.”

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். “இன்னும் ஒரு அரிசி கனம் இருக்குதே” என்றார்.

அந்த அரிசி கனமும் போயிற்று. பேடின் இரும்புத் தகடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசத் தொடங்கியது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வண்டி கிறீச்சிட்டது. நோயாளிகள் பயந்துவிடக் கூடாதே என்று அவர் பக்திப் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

ஒரு மழை நாளில், வளைவு ஒன்றில் வண்டி நிற்கவில்லை. தடுப்புச்சுவரில் மோதித்தான் நின்றது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் சீட்டில் இருந்த நோயாளி நல்லாயிக்கு நெற்றி பிளந்து தையல் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நல்லாயி எந்த வண்டியிலும் ஏறவில்லை. மற்ற நோயாளிகள் யாரோ கொடுத்த ஜீப்பில் போய் வந்தார்கள். இவள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். டயாலிசிஸ் இல்லாமல் கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

லூர்துசாமி வேனின் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு வகைப் பேடுகளை ஏகாம்பரத்தின் முன்னால் வைத்தார்.

“இது வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா குளிர்ல முதல் மிதியில பிடிக்காது. டிஸ்க்கையும் தின்னுடும். அந்தப் பக்கம் இருக்கறது உடனே பிடிக்கும், இறக்கத்துச் சூட்டையும் தாங்கும். சீக்கிரம் தேஞ்சிடும், அவ்வளவுதான். நல்லா இருக்கும்போதே கழட்டிப் போட்டுடணும்.”

“டிஸ்க்கு?”

“புதுசுதாங்க. பழசைக் கடைசல் போட்டுச் சமமாக்கினா மெலிஞ்சிடும். சூட்டுல வெடிச்சாலும் வெடிக்கும்.”

நல்லா இருக்கும்போதே கழற்றிப் போடுவதா? ஏகாம்பரத்துக்கு மனசு ஒப்பவில்லை. அம்மையிடம் போனார். அம்மை சமையற்கட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ரெண்டுல எதை வாங்கறது தாயே?”

அம்மை நிமிரவில்லை. “கழட்டின டிஸ்க் எங்கே?”

“ஷெட்டுல கிடக்குது.”

“அதை எடுத்துக்கிட்டு நல்லாயி வீட்டுக்குப் போங்க. அவங்க கையில குடுத்துக் கேளுங்க.”

“அவங்களுக்கு இதைப் பத்தி என்னம்மா தெரியும்?”

அம்மை அடுத்த கீரைத்தண்டை எடுத்தார்.

டிஸ்க் நல்ல கனம். சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். விபத்துக்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை. போக வெட்கமாக இருந்தது. அன்றும் வாசலில் நின்று வெகுநேரம் தயங்கிய பிறகே கூப்பிட்டார்.

நல்லாயி கதவைத் திறந்தாள். நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, அவர் கொடுத்ததை மடியில் வாங்கிக்கொண்டாள். உழுத நிலம் மாதிரி அதில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினாள்.

“பாட்டுக்கு அடியில கத்திக்கிட்டே வந்துச்சே, அது இதானா சாமி?”

ஏகாம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

“எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேக்கலைன்னு நெனச்சோம். நல்ல மனுசன், சாமி பாட்டுல லயிச்சுப் போறாரு, நடுவுல எப்படிச் சொல்றதுன்னு பேசாம இருந்துட்டோம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

“எனக்கும் கேட்டுச்சும்மா” என்றார்.

நல்லாயி அவரையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டிஸ்க்கைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க என்ன வேணா வாங்கி மாட்டுங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது. பாட்டு மட்டும் வேண்டாம். வண்டி கத்துனா எனக்கும் கேக்கணும். அப்படின்னா வர்றேன்.”

ஏற்றத்தில் டிஸ்க் இரண்டு மடங்கு கனத்தது. அவர் மடத்துக்கு வந்தபோது அம்மை கீரையை அடுப்பில் வைத்துவிட்டு, விதி எழுதிய சுவரின் அருகே கை கழுவிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் டிஸ்க்கைக் கீழே வைத்தார்.

“வர்றேன்னு சொல்லிட்டாங்க. சீக்கிரம் தேயறதையே வாங்கிடறேன் தாயே. புது டிஸ்க்கும் வாங்கிடறேன்.”

“சரி.”

அவர் போகவில்லை.

“இன்னும் என்ன?”

“இந்த மடத்துக்கு வந்து நான் தியானம் ஒழுங்காப் பண்ணினதில்லை. பாராயணமும் வராது. இந்த ஒரு விதியைத்தான் பிசகாமக் காப்பாத்தினேன். கடைசி அரிசி கனம் வரைக்கும் காப்பாத்தினேன்.” அவர் சுவரைக் காட்டினார். “விதி தப்பா தாயே? இல்லை, நான் தப்பா?”

அம்மை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தார்.

“பயன் தீராத எதையும் எறியாதேன்னு எழுதினேன்” என்றார். “நல்லாயியையும் சேர்த்துத்தான் எழுதினேன், ஏகாம்பரம்.”