ஒரு சாண் பாக்கி

குருவுக்கு நாற்பது வயது. சிஷ்யை செண்பகவல்லிக்கு ஐம்பத்தெட்டு. மலையடிவாரத்து மடத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஞானத்துக்கு ஜாதகமா பார்ப்பார்கள்?

ஆனி மாதச் சாரல் மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. செண்பகவல்லி குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சாமி, எனக்கு ஒரு மந்திரம் வேணும்.”

“எதுக்கும்மா?”

“துண்டுத் துணியெல்லாம் சேத்துப் போர்வை தைப்பேன்லா, அதுல ஏழு போர்வை வீட்ல அரைகுறையாக் கெடக்கு. ஒண்ணையும் முடிக்க முடியல. மனசு நிக்க மாட்டேங்கு.”

“முத போர்வையில எவ்வளவு பாக்கி?”

“ஒரு சாண். ஓரத்த மடிச்சுத் தைக்கணும், அம்புட்டுத்தான்.”

“ரெண்டாவதுல?”

“அதுலயும் ஒரு சாண்தான்.”

“மூணாவதுல?”

செண்பகவல்லி வாசலில் சாத்தியிருந்த குடையைப் பார்த்தாள். குரு எழுந்து அவளுடைய குடையையே எடுத்து விரித்தார்.

“வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

வீட்டுக் கூடத்தில் மரப்பெட்டியின் மேல் போர்வைகள் அடுக்கியிருந்தன. குரு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். நல்ல கைவேலை, ஒரு தையல்கூடக் கோணவில்லை. ஏழிலும் ஒரே மூலையில் ஒரு சாண் மட்டும் தைக்காமல் விட்டிருந்தது.

உள்ளறையில் யாரோ இருமுவது கேட்டு எட்டிப் பார்த்தார்.

செண்பகவல்லியின் கணவர் ஆவுடையப்பன் கட்டிலில் சுருண்டு கிடந்தார். மேலே ஒரே ஒரு குளியல் துண்டு. குளிரில் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கூடம்வரை வந்தது.

குருவுக்கே பகீரென்றது. ஏழு போர்வை இருக்கிற வீட்டில் ஒரு மனிதர் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்குவதா? பத்து வருஷம் உபதேசம் கேட்ட அம்மாள் செய்கிற காரியமா இது?

“என்னம்மா இது?”

“கடையில வாங்கின போர்வை ஒண்ணு உண்டு சாமி. துவைச்சுப் போட்டேன், மழையில காயல.”

“நான் அதைக் கேக்கல.”

செண்பகவல்லி கட்டிலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அவருக்கு மூன்று மாதம் கெடு வைத்தார். அன்றைக்கு அவள் முதல் போர்வையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். “சீக்கிரம் முடி. அதைப் போத்திக்கிட்டு நிம்மதியாக் கண்ண மூடிருதேன்” என்றார் ஆவுடையப்பன். அவள் கை அங்கேயே நின்றுவிட்டது. சும்மாவும் இருக்க முடியாமல் அடுத்ததை ஆரம்பித்தாள். அதுவும் கடைசிச் சாணில் நின்றது.

“மூணு மாசம்னாரு டாக்டர். மூணு வருசமா இருக்காவ. நான் முடிக்காததாலதான் இருக்காவ சாமி.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “குளிருதுன்னு தெனமும் கேக்காவ. குடுக்கவும் பயமா இருக்கு, குடுக்காம பாத்துக்கிட்டிருக்கவும் முடியல. அதுக்குத்தான் மந்திரம் கேட்டேன்.”

குரு மந்திரம் எதுவும் சொல்லவில்லை. அடுக்கின் மேலே இருந்த போர்வையை உருவிக்கொண்டு உள்ளே போய், ஆவுடையப்பனைக் கழுத்துவரை மூடினார்.

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். குரு மறுமுனையை விடவில்லை. குருவோடு மல்லுக்கு நிற்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. இந்த மனுஷன் என் தாலியில் கை வைக்கிறான் என்றுதான் தோன்றியது.

“ஐயோ” என்று ஆவுடையப்பன் துள்ளினார். “ஏட்டி, இதுல ஊசி கெடக்கு. குத்துது.”

“எடுத்திருங்க சாமி” என்று செண்பகவல்லி கெஞ்சினாள். “அவுகளுக்குக் குத்துதுல்லா.”

குரு தடவிப் பார்த்து, நூலோடு தொங்கிய ஊசியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். போர்வையை எடுக்கவில்லை.

“உயிரோட இருக்கிறவருக்குத்தாம்மா குத்தும். குளிருறதும் அவருக்குத்தான்.”