அரை மில்லிமீட்டர்

முழங்கால் ஆபரேஷனுக்கு ரோபோ வந்ததிலிருந்து டாக்டர் ஞானசிகாமணியின் பெருமை தாங்க முடியவில்லை. "அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாது!" என்று அன்று காலையிலேயே எட்டாவது தடவையாகச் சொன்னார்.

கேட்டுக் கேட்டு ஆயா தவமணிக்குக் காது புளித்துவிட்டது. நோயாளியான பஸ் கண்டக்டரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டி வந்தவள் அவள்தான். "எதுக்கும் ஒருவாட்டி பாத்துக்கலாமுங்க ஐயா."

"ரோபோவுக்கே பாடமா? பிசகு இருந்தா நீயே அளந்து காட்டு, பார்ப்போம்!"

தவமணி மேசையில் படுத்திருந்த கண்டக்டரிடம் குனிந்தாள். "எந்தக் கால்னு எழுதச் சொன்னீங்கண்ணே?"

"வலிக்கிற கால்னு சொன்னேன். இடதும்மா!"

கேஸ் ஷீட் எழுதினவர் காதில் அது வலக்காலாக விழுந்திருந்தது. ரோபோவும் வலக்காலுக்கு மேலேதான் நின்றது.

தவமணி இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே விரல்களை விரித்து வைத்தாள்.

"ஒரு சாண் பிசகுதுங்க ஐயா."