பல்லி முந்திக்கொண்ட காலை

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின என்று கதைகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. எப்படிப் பேசின என்று மட்டும் ஒரு கதையும் வாய் திறப்பதில்லை. வெட்கமாக இருக்கலாம். வம்பளக்கவும் சண்டை போடவும் ஒவ்வொரு விலங்கிடமும் தாராளமாகச் சொற்கள் இருந்தன. ஆனால் காடு முழுவதும் கீழ்ப்படிய வேண்டிய ஒரு கட்டளையை எந்த விலங்காலும் தனியாகச் சொல்லிவிட முடியாது. முன்பு ஒரு சிங்கம் எல்லா வாக்கியங்களையும் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு காட்டைப் படாத பாடு படுத்தியிருந்தது. அது செத்த மறுநாளே வாக்கியத்தை நான்காகப் பிரித்து நான்கு குலங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

பெயர்ச்சொற்கள் யானைகளுக்குப் போயின. மலை, மரம், ஆறு, பாறை என்று எல்லாம் கனமான சொற்கள். தூக்க யானைதான் வேண்டும். வினைச்சொற்கள் பல்லிகளுக்கு. ஓடு, பாய், இழு, மிதி என்று ஒரு நிமிடம் சும்மா இருக்காத சொற்கள் அவை. பல்லிகள் அவற்றைத் தங்கள் வாலில் வைத்திருந்தன; வால்களும் சும்மா இருக்கவில்லை. ஐ, ஆல், கு, இன், உம் போன்ற இடைச்சொற்களை எறும்புகள் சுமந்தன, ஒரு வீட்டுக்கு ஒரு சொல் என்று. மிஞ்சிய உரிச்சொற்கள் மயில்களுக்கு. மயில்கள் வைத்திருந்ததெல்லாம் உண்மையில் உரிச்சொற்கள்தானா என்று இலக்கணம் படித்தவர்கள் இன்றும் அடித்துக்கொள்ளலாம். மயில்களுக்கு அந்தக் கவலை கிடையாது. சொல் அழகாக இருந்தால் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டன.

தினமும் காலையில் காட்டின் நடுவே ஒரு தட்டைப் பாறையில் நான்கு குலத்தின் தலைவர்களும் கூடி ஒரு வாக்கியம் சொல்வார்கள். ஒரு நாளுக்கு ஒன்றுதான். அதற்கு நாள் வாக்கியம் என்று பெயர். அதைச் செய்து முடிக்க, யானைத் தலைவியோடு சேர்த்து இருபது யானைகள் பாறையைச் சுற்றிக் காத்து நிற்கும். வினைச்சொல் காதில் விழுந்த கணத்தில் அவற்றின் கால்கள் தாமாகவே கிளம்பிவிடும். வேலை முடியும்வரை அவை நினைத்தாலும் நிறுத்த முடியாது. ஒருவரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க அவசியமும் வரவில்லை, பல்லி எப்போதும் கடைசியாகவே வந்ததால்.

பல்லித் தலைவன் துடியனுக்கு அதில் பெரிய மனக்குறை. என்ன செய்வது? பல்லிக்கு வெயில் ஏறினால்தான் உடம்பு அசையும். அவன் வெயில் காய்ந்து, சோம்பல் முறித்து, மரத்திலிருந்து இறங்கி வருவதற்குள் மற்ற மூவரும் தங்கள் பங்கைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

"வாங்க வாங்க, கடைசியாரே!" என்பான் மயில் தலைவன் ஒயிலன். "இன்னும் ரெண்டு நாழி தூங்கிட்டு வந்திருக்கலாமே. நாங்க என்ன, சும்மாதான நிக்கிறோம்!"

"அவனை விடு ஒயிலா," என்பாள் யானைத் தலைவி கரும்பாறை. "வந்துட்டான்ல. சொல்லிட்டுப் போகட்டும்."

அந்தப் பரிவுதான் துடியனை ஒயிலனின் கேலியைவிட அதிகமாகக் குத்தியது. 'சொல்லிட்டுப் போகட்டுமாம்! நான் சொல்லாமல் ஒரு புல்லாவது அசையுமா இந்தக் காட்டில்?' என்று அவன் வால் துடிக்கும்.

அந்த ஆண்டுக் கோடை கொடுமையானது. காட்டுக்கு இருந்தது ஒரே சுனை. அதன் வாயை ஒரு முட்புதர் வளர்ந்து மூடிவிட்டது. மான்கள் மூக்கை நீட்டி ரத்தத்தோடு திரும்பின. எறும்புகள் முள்ளுக்கு நடுவே நுழைந்து ஆளுக்கொரு துளி கொண்டு வந்தன. அது யாருக்குப் போதும்? யானைகளின் பெரிய கால்களைத் தவிர வேறு வழியில்லை. கொடிய முட்புதரை மிதியுங்கள் என்று மறுநாள் வாக்கியம் சொல்வதாக நான்கு தலைவர்களும் மாலையிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். 'கொடிய' மயிலுடையது. 'முட்புதர்' யானையுடையது. 'ஐ' எறும்புடையது. 'மிதியுங்கள்' பல்லியுடையது.

எல்லோரும் கலைந்த பிறகும் துடியன் மட்டும் பாறையைவிட்டு நகரவில்லை. பாறை பகல் வெயிலைக் குடித்துக் கொதித்துக்கொண்டிருந்தது. வயிற்றை அதில் ஒட்டிப் பார்த்தான். விடியும்வரை இந்தச் சூடு போதும் என்று அவனுக்குப் புரிந்தது. நாளைக்கு வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கு முதல் சொல் அவனுடையது.

விடிந்தது. இருபது யானைகளும் வந்து பாறையைச் சுற்றி நின்றன. எறும்புகள் வழக்கம்போல் அவற்றின் கால்களுக்கு நடுவே சாரை சாரையாக வந்தன. ஒரு நாளுக்கு ஓர் இடைச்சொல்தான் தேவைப்படும் என்றாலும், எது தேவைப்படுமோ என்று குலம் முழுவதும் தினமும் வரும். யானைக் காலடியில் நடக்கிறோமே என்ற பயம் ஓர் எறும்புக்கும் இருந்ததில்லை. சொல் வராமல் அந்தக் கால்கள் அசையா என்று அவற்றுக்குத் தெரியும். அன்று முன்னால் வந்தவள் எறும்புத் தலைவி நுணுக்கி. 'ஐ' அவள் வீட்டுச் சொல்.

"கரும்பாறையக்கா, தண்ணிக் கஷ்டம் இன்னியோட தீந்துச்சு!" என்று கீழிருந்து கத்தினாள்.

"தீரும் தங்கச்சி. மெதுவா ஏறி வா. ஒயிலனைக் காணோம், அவன் வரட்டும்."

"நான் வந்தாச்சு," என்றது பாறை மேலிருந்து ஒரு குரல்.

கரும்பாறை நிமிர்ந்து பார்த்தாள். பாறையின் உச்சியில் துடியன் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"அடேயப்பா! இன்னும் சூரியனே சரியா வரல, நீ வந்துட்டியா?"

"வந்தது மட்டுமில்ல, அக்கா. இன்னிக்கு நான்தான் மொதல்ல. கேட்டுக்குங்க எல்லாரும்." வாலை ஒரு சுழற்றுச் சுழற்றினான். "மிதியுங்கள்!"

நாற்பது முன்னங்கால்களும் ஒரே நேரத்தில் எழும்பின.

எதை மிதிக்க வேண்டும் என்று யானைகளுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லப்படாததால் கால்களுக்குக் கீழே என்ன இருந்ததோ அதை மிதித்தன. கீழே எறும்புகள் இருந்தன.

சத்தம் வரவில்லை. அதுதான் பயங்கரம். ஒரு மரம் விழுந்தால் காடு அலறும்; ஆயிரம் எறும்பு நசுங்கினால் புழுதிதான் கிளம்பும். துடியன் முதலில் அந்தப் புழுதியைத் தன் வெற்றி என்றுதான் நினைத்தான். பிறகு யானைகளின் முகங்களைப் பார்த்தான். பிதுங்கிய கண்களோடு தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தன. கால்கள் ஏறி ஏறி இறங்கின.

"நிறுத்துங்கடி!" என்று கரும்பாறை பிளிறினாள். அவள் காலும் மிதித்துக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க!"

"நிக்க மாட்டேங்குதே!" என்று ஒரு யானை அழுதது. "அக்கா, என் கால் நிக்க மாட்டேங்குதே!"

அன்றைய வினை சொல்லியாகிவிட்டது; இனித் துடியனே 'நில்லுங்கள்' என்றாலும் எடுபடாது. வேலை முடிந்தால்தான் கால் நிற்கும். எந்த வேலை என்றே சொல்லாதபோது அது எப்படி முடியும்? கரும்பாறைக்குப் பளிச்சென்று வழி தோன்றியது. தன் சொல்லை உரக்கக் கூவினாள்: "முட்புதர்! முட்புதர்!"

கால்கள் திரும்பவில்லை. முட்புதர் மிதிக்கிறதா, மிதிபடுகிறதா என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரையும் அந்த வினையையும் சேர்த்துக் கட்ட ஒரு சின்ன 'ஐ' வேண்டும். 'ஐ' கால்களுக்குக் கீழே இருந்தது.

அப்போதுதான் பறந்து வந்து இறங்கினான் ஒயிலன். கண்ட காட்சியில் தோகை தானாகச் சுருங்கிவிட்டது. அவனிடம் ஒரு சொல்தான் இருந்தது. அதையே திரும்பத் திரும்பக் கத்தினான்: "கொடிய! கொடிய! கொடிய!" அவன் வாழ்நாளில் இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல்லைச் சொன்னதில்லை. அதனால் ஒரு பயனும் இல்லை.

துடியன் பாறை விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்தான். பாறையின் அடியில் ஒரு விரிசல். அதில் நுணுக்கி ஒடுங்கியிருந்தாள். அவளுக்குப் பின்னால் விரிசல் கொள்ளாத அளவுக்கு எறும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மிதிக்கும் பாறை ஆடியது. விரிசலின் ஓரம் பொடிந்து உதிர்ந்தது.

"நுணுக்கி! மேல வந்துரு!" என்று அவன் அலறினான். "அக்கா காதுல போய் 'ஐ'ன்னு சொல்லிரு!"

"எந்தப் பக்கமா வரச் சொல்ற?" என்று அவள் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "கால் இல்லாத எடம் ஒண்ணு காட்டேன், வர்றேன்."

துடியன் அப்படி ஓர் இடத்தைத் தேடினான்; கிடைக்கவில்லை. அவன் வால் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. கால்கள் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதுவும் துடித்தது: மிதி, மிதி, மிதி. அவன் திரும்பி அதைப் பார்த்தான். சொல் இன்னும் அங்கேதான் இருந்தது. வால் தன் உடம்பில் இருக்கும்வரை அந்தச் சொல்லைச் சொன்னவன் அவன். அவன் இருக்கும்வரை கால்கள் கேட்கும்.

வாலைப் பாறை இடுக்கில் செருகினான். முன்னால் ஒரே பாய்ச்சல் பாய்ந்தான்.

அறுந்தது.

இருபது யானைகளும் தூக்கிய காலோடு அப்படியே நின்றன. எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றன. பாறை மேல் வால் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. சொல்ல ஆளில்லை, கேட்க ஆளில்லை, செய்யவும் ஆளில்லை. செயல் மட்டும் இருந்தது. அப்படி ஒன்றை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அதுவும் ஓய்ந்தது.

விரிசலிலிருந்து நுணுக்கி வெளியே வந்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு கூப்பிடத் தொடங்கினாள்.

"ஆல்?"

"இருக்கேன்."

"கு?"

"இருக்கேன்மா. ஒரு கால் போச்சு."

"உம்?"

"இருக்கோம். நானும் தங்கச்சியும்."

அதற்குப் பின் அவள் கூப்பிட்ட பெயர்கள் பலவற்றுக்குப் பதில் வரவில்லை. அவை என்ன சொற்கள் என்று இன்று யாருக்கும் தெரியாது. எந்த நினைப்பை எந்த நினைப்போடு இணைக்க அவை இருந்தன என்பதும் தெரியாது. நெஞ்சில் தெளிவாக இருப்பதைச் சொல்ல வந்து, சொற்கள் சேராமல் நாம் பாதியில் நிற்கும் நேரங்கள் இருக்கின்றன அல்லவா? அங்கே அவற்றில் ஒன்று வேண்டியிருந்திருக்கும்.

கரும்பாறை முழங்காலிட்டாள். கண்ணீர் தரையில் சொட்டியது.

"அழாதீங்க அக்கா. ஒங்க காலு ஒங்க பேச்சைக் கேக்கல," என்றாள் நுணுக்கி. "ஆனா இனி நாங்க தரையில நடந்து வர மாட்டோம். தனியா ஒரு எடத்துல நிக்கவும் மாட்டோம். ஒங்க முதுகுப் பக்கம் ஒட்டிக்கிட்டுத்தான் வருவோம். வாலைப் பிடிச்சிக்கிட்டு."

"ஏறிக்க," என்றாள் கரும்பாறை. வாலைத் தரையில் பரப்பினாள்.

"நான் முன்னால போறேன்," என்றான் ஒயிலன். கேலியெல்லாம் எங்கோ போயிருந்தது. "யானைக்கு முன்னால தோகையை விரிச்சிட்டு நடக்கிறேன். யாரு வர்றாங்க, எப்பேர்ப்பட்டவங்கன்னு மொதல்லயே சொல்லிடறேன். வழியில இருக்கிறவங்க ஒதுங்கிக்கலாம்."

எல்லோரும் துடியனைப் பார்த்தார்கள். அவன் பின்பக்கத்தில் ஒரு சிவந்த மொட்டைத் தவிர ஒன்றுமில்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்டான்.

நுணுக்கிதான் பதில் சொன்னாள். "எல்லாரும் வந்து, யாரு, எது, யாருக்கு, எதாலன்னு அத்தனையும் சொல்லி முடிச்சப்புறம் வா. ஒனக்கு முன்னால நாங்க எல்லாரும் இருக்கணும். ஒனக்குப் பின்னால ஒரு உசிரும் இருக்கக் கூடாது."

மறுநாள் காலை ஒயிலன் "கொடிய" என்றான். கரும்பாறை "முட்புதர்" என்றாள். அவள் வால் நுனியிலிருந்து நுணுக்கி "ஐ" என்றாள். பிறகு காடே காத்திருந்தது. வெயில் வந்தது. துடியன் மெதுவாக இறங்கி வந்தான். பாறை மேல் ஏறி, கீழே நான்கு பக்கமும் எட்டிப் பார்த்தான். மறுபடியும் ஒரு முறை பார்த்தான். "சொல்லுப்பா," என்றாள் கரும்பாறை. இரவோடு இரவாக மொட்டில் சொற்கள் மறுபடி துளிர்த்திருந்தன; அந்த மொட்டை வாலால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சன்னமாக அவன் "மிதியுங்கள்" என்றான். கால்கள் சுனைப் பக்கம் திரும்பின. உச்சிவேளைக்குள் மான்கள் தண்ணீர் குடித்தன.

துடியனுக்கு வால் மறுபடி முளைத்தது. ஆனால் முன்போல் முளைக்கவில்லை. ஒரு காலத்துக்கு ஒரு மாதிரி, ஓர் ஆளுக்கு ஒரு மாதிரி என்று உருவம் மாற்றிக்கொண்டே இருந்தது. வினைச்சொற்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் இதற்காக அவனைத் திட்டுவது நியாயம்தான்.

அந்தக் காட்டோரம் குடியேறிய மனிதர்கள் பேச்சை அங்கிருந்துதான் பழகினார்கள். சிங்கத்தைப் போல முழு வாக்கியத்தையும் ஒரே வாயில் வைத்துக்கொள்ளும் துணிச்சல் அவர்களுக்கு எப்படி வந்ததோ! ஆனாலும் பாறையில் நடந்த வரிசையை அவர்கள் மறக்கவில்லை.

அன்று முதல்தான் தமிழில் வினை கடைசியில் வந்து நிற்கிறது. அன்று முதல்தான் அறுந்து விழுந்த பல்லி வால், யாரை மிதித்தோம் என்று தேடுவதுபோல், தனியே கிடந்து துடிக்கிறது.